அபராதம் கட்டக் கடன் வாங்குமுன் அந்த ஒரு வரியை வாசியுங்கள்

மன்னார்குடியில் வக்கீல் குமாஸ்தாவாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பெரிய வழக்குகளைவிட என்னை அதிகம் வருத்துபவை சின்ன வழக்குகள்தான். தண்டனை என்னவோ அபராதம் மட்டும். அதைக் கட்டப் பணமில்லாமல் ஆள் உள்ளே போகிறார். வீட்டில் இருப்பவர் தோட்டை அடகு வைத்துவிட்டு, மீதிக்குத் தண்டல்காரரைத் தேடி ஓடுகிறார். அப்படி ஓடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை வாசியுங்கள். 'அபராதம் ரூ.10,000, கட்டத் தவறினால் 30 நாள் மெய்க்காவல் சிறை' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும் (மெய்க்காவல் என்றால் கடின வேலை இல்லாத சாதாரணச் சிறை). அதில் உள்ள தொகை, நாள் இரண்டையும் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இனி போடும் கணக்கெல்லாம் இந்த இரண்டை வைத்துத்தான்.

அந்த நாட்களுக்கு உச்சவரம்பு உண்டு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 8-ஆவது பிரிவைப் பாருங்கள். சிறைத் தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றமாக இருந்தால், அதற்கான அதிகபட்ச சிறைக்காலத்தில் கால் பங்கைத் தாண்டி இந்த நாட்கள் போகக் கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய முதல் வழக்குக்கு அதிகபட்சம் ஆறு மாதம். அப்படியென்றால் அபராதம் கட்டாததற்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் போட முடியாது. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றங்களுக்குக் கணக்கு வேறு: 5,000 ரூபாய் வரை என்றால் இரண்டு மாதம், 10,000 வரை நான்கு மாதம், அதற்கு மேல் ஒரு வருடம். இவை எல்லாமே அதிகபட்சம்தான், குறைவாகவும் போடலாம். 1.7.2024-க்கு முந்தைய குற்றம் என்றால் பழைய தண்டனைச் சட்டப்படி பார்க்க வேண்டும், அதை வக்கீலிடம் கேளுங்கள். 2007-ல் ஒரு வழக்கில், ஒரு லட்சம் அபராதத்தைக் கட்டாவிட்டால் மூன்று வருடம் என்று இருந்ததை உச்ச நீதிமன்றம் ஆறு மாதமாகக் குறைத்தது. ஏழ்மையைச் சொல்லி மேல்முறையீட்டில் குறைக்கக் கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது தவணை. இதைக் கேட்காமலே பாதிப்பேர் உள்ளே போய்விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். அபராதம் மட்டுமே தண்டனை, உடனே கட்ட வழியில்லை என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 464-ஆவது பிரிவில் அன்றைக்கே வாய்விட்டுக் கேளுங்கள். முழுத்தொகைக்கு 30 நாள் வரை அவகாசம் தரலாம். அல்லது இரண்டு, மூன்று தவணையாக்கலாம்: முதல் தவணை 30 நாளுக்குள், அடுத்தடுத்தவை முப்பது நாளுக்கு மிகாத இடைவெளியில். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போகலாம். தருவது நீதிபதியின் விருப்பம், ஆனால் கேட்டால்தானே தருவார்! நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். கார்த்திகைக் கடைசியில் தீர்ப்பு என்றால் அப்போது எந்த வீட்டிலும் காசு இருக்காது. மூன்றாவது தவணை மாசிக் கடைசியில் விழும். அதற்குள் சம்பா அறுப்புக் கூலி கைக்கு வந்துவிடும்.

சிறையும் அபராதமும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்தத் தவணைப் பிரிவு பொருந்தாது. அங்கே குடும்பங்கள் ஏமாறுகிற இடம் இன்னொன்று. விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் முக்கியத் தண்டனையில் கழியும். அபராதத்துக்கான நாட்களில் கழியாது. இரண்டு பிரிவுகளில் தண்டனை 'ஏக காலத்தில்' என்று இருந்தாலும், அபராத நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'இன்றைக்கு வந்துவிடுவார்' என்று சிறை வாசலில் போய் நின்றுவிட்டு அழுதுகொண்டே திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழியே இல்லாதவர்களுக்கு 2023-ல் மத்திய உள்துறை கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் இருக்கிறது. தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை மாவட்டக் குழு அனுமதிக்கலாம். சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய் எழுதிக் கொடுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

சரி, பாதி நாட்கள் உள்ளே கழிந்துவிட்டன, கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது என்றால்? இதற்கு ஓர் அம்மாவைத்தான் சொல்ல வேண்டும். நடவு வேலை செய்பவர். குறுவை நடவு நேரம் அது. மஞ்சள் பையில் ஒரு பாலிதீன் கவர், அதற்குள் நூறும் ஐம்பதுமாக நோட்டுகள். விரல் இடுக்கில் சேறு காயவில்லை. மேசைமேல் வைத்து எண்ணினோம், 6,400 ரூபாய். கணவருக்கு அபராதம் 10,000, கட்டாவிட்டால் 30 நாள். 'மீதி 3,600-ஐச் சாயங்காலம் தண்டலில் வாங்கிவிடுகிறேன் அண்ணே' என்றார். முழுசாகக் கட்டினால்தான் விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எத்தனை நாள் முடிந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு. முப்பதில் பன்னிரண்டு என்றால் 10,000-ல் 4,000 ரூபாய்க்கு உரிய நாளை அவர் கணவர் உள்ளே கழித்துவிட்டார். மீதி 6,000-ஐக் கட்டினால் விட்டாக வேண்டும். அதே 8-ஆவது பிரிவு சொல்வதுதான். தாளில் எழுதிக் காட்டினேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

மனு எழுதி, வக்கீல் கையெழுத்தோடு நீதிமன்றத்தில் கட்டி ரசீது வாங்கினோம். ரசீது மட்டும் போதாது, நீதிமன்றத்திலிருந்து சிறைக்குக் கடிதம் போக வேண்டும். அதனால்தான் காலையிலேயே வரச் சொல்வேன். ரசீதை ஒரு நகல் எடுத்து அவர் பையில் வைத்தேன். மீதி 400 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.