குரூகர் போகிறீர்களா? முந்தைய இரவே மேப்பைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் நாமே கார் ஓட்டிச் சுற்றலாம், ஆனால் உள்ளே பல இடங்களில் சிக்னல் கிடையாது, அதனால் கூகுள் மேப்பை முன்பே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் புள்ளி நகரும். சாட்டிலைட் காட்சி மட்டும் ஆஃப்லைனில் வராது. அதை அறையிலேயே பெரிதாக்கிப் பார்த்து, தண்ணீர் தெரியும் இடங்களைக் குறித்துச் சேமித்துவிடுங்கள். காய்ந்த பழுப்புக்கு நடுவே பச்சைக் கோடாகப் போவது சாபி ஆறு, லோயர் சாபி முகாமை ஒட்டிச் சன்செட் டேம் (நீர்யானை, முதலை எல்லாம் அங்கே சர்வசாதாரணம்).

தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர்தான் வேகம், யானை குறுக்கே நின்றால் அதுவும் போச்சு, ஆகவே கேட் மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது மேப் காட்டும் நிமிடங்களை நம்பாதீர்கள். அப்புறம், காண்டாமிருகத்தைப் படம் எடுக்கும் முன் போனில் லொகேஷனை அணைத்துவிடுங்கள், கொம்புக்காக அலைகிறவர்களுக்கு நாமே வழி காட்ட வேண்டாம்.