போர்த்துக்கீசியப் பெயர்ச்சொற்கள்: பாலும் பன்மையும்

தமிழில் மேசையும் புத்தகமும் அஃறிணை. அதோடு விஷயம் முடிந்தது. போர்த்துக்கீசியத்திலோ எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். பொருளில் காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. கீழே தரும் உச்சரிப்பு பிரேசில் வழக்கை ஒட்டியது.

படி 1: பெயரை அதன் முன்வரும் சிறுசொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். ஆண்பாலுக்கு 'உ', பெண்பாலுக்கு 'அ'. உ லிவ்ரு (புத்தகம்), அ மேசா (மேசை).

படி 2: ஈற்றைப் பாருங்கள். 'உ' ஒலியில் முடிவது பெரும்பாலும் ஆண்பால், 'ஆ'வில் முடிவது பெண்பால். நம்மிடம் வந்து தங்கிவிட்ட சொற்களில் ஜன்னல் (ஜனேலா) பெண்பால், அலமாரி (அர்மாரியு) ஆண்பால். 'இ' ஒலி ஈறு எதையும் காட்டிக்கொடுக்காது: உ லெய்ச்சி (பால்) ஆண்பால், அ நொய்ச்சி (இரவு) பெண்பால், அ ஷாவி (சாவி) பெண்பால். உ ஜியா (நாள்), உ மாப்பா (வரைபடம்), உ ப்ரொப்லேமா (சிக்கல்) ஆகியவை 'ஆ'வில் முடிந்தும் ஆண்பால்.

படி 3: உயிரொலியில் முடிந்தால் 'ஸ்' சேருங்கள், முன்சொல்லும் மாறும்: உஸ் லிவ்ருஸ், அஸ் மேசாஸ். 'ர்' ஈற்றுக்கு 'இஸ்': ஃப்லோர் (பூ), ஃப்லோரிஸ். 'ல்' என்று எழுதி 'வ்' என்று ஒலிக்கும் ஈறு 'யிஸ்' ஆகும்: அனிமாவ் (விலங்கு), அனிமாயிஸ்.

படி 4: புதியவர்கள் திணறும் இடம், மூக்கொலியோடு வரும் 'ஆவோ' ஈறு. இதற்குப் பன்மை மூன்று விதம்:

கொராசாவோ (இதயம்) – கொராசோயிஸ்
பாவோ (ரொட்டி) – பாயிஸ்
மாவோ (கை) – மாவோஸ்

உயிர்களுக்கு நடுவே நின்ற பழைய 'ன்' தேய்ந்து மூக்கொலியானதால், ஒருமையில் மூன்று ஈறுகளும் ஒன்றாகிவிட்டன. பன்மையில்தான் பழைய வேறுபாடு தெரிகிறது. ஸ்பானியத்தில் அந்த 'ன்' இன்னும் இருக்கிறது: கொராசோனெஸ், பானெஸ், மானோஸ். ஸ்பானியம் தெரிந்தவர்களுக்கு இது நல்ல குறுக்குவழி. தெரியாதவர்கள் 'ஓயிஸ்' என்றே ஊகியுங்கள், பெரும்பான்மை அதுதான். 'மாவோ' பெண்பால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பெயரடையும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். நாம் 'வெள்ளை மேசைகள்' என்று அடையைத் தொடாமல் விடுகிறோம். அங்கே மேசாஸ் பிராங்காஸ், லிவ்ருஸ் பிராங்குஸ். 'இரண்டு' என்ற எண்ணுக்கும் பால் உண்டு: தோயிஸ் லிவ்ருஸ், துவாஸ் மேசாஸ். தமிழில் 'இரண்டு மேசை' என்று ஒருமையிலேயே சொல்லிவிடலாம். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

பயிற்சிக்கு ரொட்டி (ஆண்பால்), பூ (பெண்பால்), கை மூன்றையும் 'இரண்டு' சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். விடை: தோயிஸ் பாயிஸ், துவாஸ் ஃப்லோரிஸ், துவாஸ் மாவோஸ்.