எஃப்.எச்.ஏ. கடன் வாங்குகிறீர்களா? அந்த இன்சூரன்ஸ் எப்போது நிற்கும் என்று முதலில் கேளுங்கள்

2019-இல் அமெரிக்காவில் நாங்கள் எஃப்.எச்.ஏ. என்ற அரசு அமைப்பின் உத்தரவாதத்தோடு வரும் கடனில் முதல் வீடு வாங்கியபோது, லோன் ஆபீசரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு, குளோசிங் அன்று (வீடு நம் பெயருக்கு மாறும் நாள்) கையில் எவ்வளவு வேண்டும். தாளில் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் என்று ஒரு வரி இருந்தது, தொகையையும் பார்த்தேன், ஆனால் அது எந்த வருடம் நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. 3,20,000 டாலர் வீடு, எங்கள் டவுன் பேமெண்ட் (கையிலிருந்து முதலில் போடும் பணம்) 9 சதவீதம். இன்னும் 3,200 டாலர் போட்டு 10 சதவீதம் ஆக்கியிருந்தால் அந்த இன்சூரன்ஸ் 11 வருடத்தில் தானாக நின்றிருக்கும். ஒரு சதவீதம் குறைந்ததால் கடன் தீரும் வரை கட்ட வேண்டும். அந்த 3,200 டாலர் அப்போது சோபாவுக்குப் போனது.

அதனால் யாராவது வீடு பார்க்க ஆரம்பித்திருக்கிறேன் என்று சொன்னாலே நான் பிடித்து உட்கார வைத்து இதைப் பேசிவிடுவேன். எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் உங்களைக் காப்பாற்றுவது இல்லை, நீங்கள் கடனைக் கட்டாமல் போனால் கடன் கொடுத்தவருக்கு நட்டம் வராமல் இருக்க நீங்கள் கட்டும் பிரீமியம் அது. வீடு எரிந்தால், புயலில் கூரை போனால் இதிலிருந்து ஒரு டாலர் வராது, அதற்கு ஹோம் இன்சூரன்ஸ் தனி. வேலை போனாலும் கடன் வாங்கியவர் இறந்தாலும் இது உங்கள் தவணையைக் கட்டாது. வீடு வாங்கிய சில வாரங்களில் "மார்ட்கேஜ் புரொடெக்‌ஷன்" என்று அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்த தபால்கள் வரும் பாருங்கள், அவை பெரும்பாலும் ஆயுள் காப்பீடு விற்பவர்கள் அனுப்புவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு குழப்பம், அரசாங்கமே கடன் தருகிறது என்று நினைப்பது. எஃப்.எச்.ஏ. 1934-இல் பெருமந்தக் காலத்தில் தொடங்கப்பட்டது. அதற்கு முன் வீட்டு விலையில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் கடன், அதையும் ஐந்து வருடம் போலத்தான் கொடுப்பார்கள், கடைசியில் மொத்தமாக அடைக்க வேண்டும். எஃப்.எச்.ஏ. வந்து "கொடுங்கள், திரும்பி வராவிட்டால் நாங்கள் பொறுப்பு" என்றது. இன்றும் அதே ஏற்பாடுதான், பணம் கொடுப்பது ஏதோ ஒரு வங்கியோ மார்ட்கேஜ் கம்பெனியோ. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அரசாங்கத் திட்டம்தானே, எங்கே போனாலும் ஒரே விலைதான் என்று முதலில் கிடைத்த ஆளிடமே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும்தான் எல்லா இடத்திலும் ஒன்று. வட்டியும் கம்பெனியின் கட்டணங்களும் ஆளுக்கு ஆள் மாறும், மூன்று நான்கு பேரிடமாவது கேட்டாக வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். 4,00,000 டாலர் வீடு என்று வையுங்கள். கிரெடிட் ஸ்கோர் 580 அல்லது அதற்கு மேல் இருந்தால் 3.5 சதவீதம், அதாவது 14,000 டாலர் போட்டால் போதும் என்கிறார்கள் (500 முதல் 579 வரை என்றால் 10 சதவீதம்). மீதி 3,86,000 கடன். இதன் மேல் எடுத்த எடுப்பிலேயே 1.75 சதவீதம் முன்கட்டணம், 6,755 டாலர். இதைக் கையிலிருந்து கட்டுபவர்கள் குறைவு, கடனோடு சேர்த்துவிடலாம் என்பார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். சேர்த்ததும் கடன் 3,92,755 ஆகிவிடுகிறது. 14,000 போட்டும் வீட்டில் உங்கள் பங்கு முதல் நாளில் 7,245 டாலர்தான். அந்த 6,755-க்கும் 30 வருடம் வட்டி ஓடும், 6.5 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 15,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

அது முன்கட்டணம். ஆண்டு பிரீமியம் தனி, இந்தக் கணக்கில் 0.55 சதவீதம், மாதம் சுமார் 177 டாலர். 2023 மார்ச்சுக்கு முன் இது 0.85 ஆக இருந்தது. குறைத்தது புதுக் கடன்களுக்கு மட்டும், என்னைப் போன்ற பழைய ஆட்கள் பழைய விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. கன்வென்ஷனல் கடன் (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வீட்டுக் கடன்) வாங்கிய நண்பர் ஒருவர் "கவலைப்படாதே, வீட்டில் உன் பங்கு, அதாவது ஈக்விட்டி, 20 சதவீதம் வந்ததும் இன்சூரன்ஸ் போய்விடும்" என்பார். அவர் சொல்வது அவருடைய கடனுக்குச் சரி. அவர் கட்டுவது பி.எம்.ஐ., தனியார் கம்பெனியின் காப்பீடு. அதற்கு 1998-இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது: கடன் பாக்கி வீட்டின் ஆரம்ப மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் நீங்கள் எழுதிக் கேட்கலாம், தவணை அட்டவணைப்படி 78-க்கு வந்ததும் அவர்களே நிறுத்த வேண்டும். எஃப்.எச்.ஏ. கடனின் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு, அதாவது எம்.ஐ.பி.க்கு, அந்தச் சட்டம் பொருந்தாது. 2013 ஜூன் 3 முதல் உள்ள விதி வேறு. டவுன் பேமெண்ட் 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 11 வருடம், அதற்குக் கீழே என்றால் கடன் உள்ளவரை. வீட்டு விலை இரண்டு மடங்கு ஆனாலும் சரி, பாதிக் கடனை அடைத்தாலும் சரி, நிற்காது. முதல் நாள் போட்ட பணம்தான் தீர்மானிக்கிறது, பிறகு எவ்வளவு கட்டினாலும் அந்தத் தீர்ப்பு மாறாது.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது, வீட்டை விற்கலாம், கடனை முழுதாக அடைக்கலாம், அல்லது புதிதாக ஒரு கன்வென்ஷனல் கடன் வாங்கி இதை அடைத்து ரீஃபைனான்ஸ் செய்யலாம். "பிறகு ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம் சார்" என்று எனக்குச் சொல்லப்பட்டதும் இதுதான், அதைச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்கு வட்டி விகிதமும் ஒத்துழைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 2021-இல் வட்டி அடிமட்டத்தில் கிடந்தபோது நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். இப்போது மாதம் நூற்றுச் சொச்சம் டாலர் இன்சூரன்ஸை ஒழிக்க, நாலு சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடனை ஆறு சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இன்சூரன்ஸையே கட்டித் தொலைக்கலாம் என்றுதான் வருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு எஃப்.எச்.ஏ.வே மோசம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதுவும் தவறுதான். எம்.ஐ.பி. கிரெடிட் ஸ்கோரைப் பார்ப்பதில்லை, 620 உள்ளவருக்கும் 780 உள்ளவருக்கும் ஒரே விகிதம். பி.எம்.ஐ. ஸ்கோரைப் பார்த்துத்தான் விலை சொல்லும். ஸ்கோர் அடிபட்டவர்களுக்கு எஃப்.எச்.ஏ. பல நேரம் உண்மையிலேயே மலிவு. நல்ல ஸ்கோர் வைத்துக்கொண்டு, 3 சதவீதம் போட்டாலே கன்வென்ஷனல் கிடைக்கும் என்று தெரியாமல் எஃப்.எச்.ஏ.வுக்குப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கன்வென்ஷனல் வாங்கியவர்களும் சும்மா இருக்கக் கூடாது. 80 வந்ததும் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் எழுத்தில் கேட்க வேண்டும், தவணைகளை ஒழுங்காகக் கட்டியிருக்கவும் வேண்டும். வீட்டு விலை ஏறியதை வைத்துக் கேட்பதென்றால் புது அப்ரைசல் (வீட்டின் இன்றைய மதிப்பீடு) வேண்டும். ஃபேனி மே (வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனம்) வைத்திருக்கும் கடன்களில் இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் பாக்கி அந்தப் புது மதிப்பில் 75 சதவீதத்துக்கு வந்திருக்க வேண்டும், ஐந்து வருடம் தாண்டினால் 80. அப்புறம் "பி.எம்.ஐ. இல்லை, நாங்களே கட்டுகிறோம்" என்று ஒரு ஆஃபர் வரும். வட்டியில் ஏற்றிவிட்டுத்தான் கட்டுவார்கள், பிறகு ரத்து செய்ய அதில் ஒன்றும் இருக்காது.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசா வைத்துக்கொண்டு எஃப்.எச்.ஏ.வில் வாங்கலாம் என்று ஐந்தாறு வருடம் முன்பு எழுதிய ஆலோசனைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, வாட்ஸப் குழுக்களில் இப்போதும் அதையே அனுப்புகிறார்கள். 2025 மே 25 முதல் அந்தக் கதவு மூடியாகிவிட்டது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் எஃப்.எச்.ஏ. என்று ஆகிவிட்டது. விசாவில் இருப்பவர்கள் கன்வென்ஷனல் பக்கம்தான் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்த்து, பிடித்து, ஆஃபர் எழுதி, முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

யு.எஸ்.டி.ஏ. கடனைப் பற்றி நம்மவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. விவசாயத் துறை என்ற பெயரைப் பார்த்து, மாடு கட்டுபவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நகரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சாதாரணக் குடியிருப்புகளே அந்தக் கடன் கிடைக்கும் பகுதிகளின் வரைபடத்துக்குள் வந்துவிடும், டவுன் பேமெண்ட் தேவையில்லை, முன்கட்டணம் 1 சதவீதம், ஆண்டுக்கு 0.35. ஆனால் வருமான வரம்பு உண்டு, அதில் கடனில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டில் சேர்ந்து இருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய வருமானமும் சேரும். வேலைக்குப் போகும் தம்பி கூட இருந்தால் அவன் சம்பளமும் கணக்கில் வரும்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு, அவர்களுக்கான அரசுத் துறை உத்தரவாதம் தரும் வி.ஏ. கடனில் மாதாந்திர இன்சூரன்ஸே கிடையாது. ஃபண்டிங் ஃபீ மட்டும் ஒரு முறை, முதல் தடவை டவுன் பேமெண்ட் இல்லாமல் வாங்கினால் 2.15 சதவீதம், அடுத்த தடவை 3.3. சேவையால் ஏற்பட்ட உடல் பாதிப்புக்கு இழப்பீடு வாங்குபவர்களுக்கு இதுவும் இல்லை, அதைச் சொல்லாமலே கட்டிவிடுபவர்கள் உண்டு.

வரி விஷயத்தில் ஒரு வார்த்தை. மார்ட்கேஜ் இன்சூரன்ஸுக்கான வரிக் கழிவு 2021-ஓடு போயிருந்தது, 2026 வரியாண்டிலிருந்து திரும்ப வருகிறது. செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு வரி தாக்கல் செய்பவர்களுக்குத்தான் அது, வருமான வரம்பும் உண்டு. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (பட்டியல் இல்லாமல் கிடைக்கும் நிலையான கழிவு) எடுப்பவர்கள் அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

கடனுக்கு விண்ணப்பித்த மூன்று வேலை நாட்களுக்குள் லோன் எஸ்டிமேட் என்று மூன்று பக்கத் தாள் வந்தாக வேண்டும். முதல் பக்கத்தில் மாதத் தவணைக்கு ஒரு அட்டவணை இருக்கும். இன்சூரன்ஸ் எப்போதாவது நிற்கும் என்றால் அந்த அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும், எஃப்.எச்.ஏ.வில் 10 சதவீதம் போட்டவருக்கு 1 முதல் 11 வருடம் வரை ஒன்று, 12 முதல் 30 வரை இன்னொன்று, இரண்டாவதில் இன்சூரன்ஸ் இருக்காது. எனக்கு வந்த தாளை இப்போதும் வைத்திருக்கிறேன். அதில் ஒரே பத்திதான், மேலே 1 முதல் 30 வரை என்று போட்டிருக்கிறது.