மீன் தொட்டிக்கு வரும் முன்பே நடக்கும் தவறுகள்

கனடாவில் சுரங்கக் கழிவுநீரை ஆற்றில் விட, ரசாயன அளவுகள் மட்டும் சரியாக இருந்தால் போதாது. வேறு தண்ணீர் சேர்க்காமல், அந்த நீரிலேயே ரெயின்போ ட்ரவுட் என்ற மீனின் குஞ்சுகளை 96 மணி நேரம் விட்டுப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் செத்தால் தோல்வி. 2021 முதல் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்கும் 48 மணி நேரத்தில் அதே விதி.

சோதனைக்கு நீர் மாதிரி எடுக்கும் கேனை வாய்வரை நிரப்பாமல் மூடுவதை நான் பெரிய தவறாகச் சொல்வேன். மேலே காற்று நின்றால் நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். (அமில-கார அளவு; அமிலம் குறைந்தால் இந்த எண் கூடும்) ஏறும். ஏறினால் என்ன? சுரங்க நீரில் வெடிமருந்து மிச்சத்திலிருந்து வந்த அமோனியா இருக்கும். 15 டிகிரியில், பி.எச். 7 என்றால் அதில் சுமார் 0.27 சதவீதம்தான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் கிட்டத்தட்ட 2.7 சதவீதம். பத்து மடங்கு! தொட்டியில் காற்று விடும்போதும் இதேதான் நடக்கும். அதனால் நீர் எடுத்த இடத்திலேயே பி.எச். பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாவிட்டால், மீன் ஏன் செத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரி, அமிலம் ஊற்றிக் குறைத்துவிடலாமா? கூடாது. பி.எச்.ஐ மாற்றாமல்தான் சோதிக்க வேண்டும்.

மாதிரியைக் குளிரில் வைத்து, 5 நாளுக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். சல்ஃபைடு தாது அரைத்த நீரில் தயோசல்பேட் போன்ற கந்தக உப்புகள் இருக்கும். கேனைச் சும்மா போட்டுவைத்தால் பாக்டீரியா அவற்றை அமிலமாக்கிவிடும். அப்போது பி.எச். இறங்கும்.

டாஃப்னியாவைப் பிப்பெட்டில் (உறிஞ்சு குழாயில்) எடுத்து மேலிருந்து சொட்டு விடாதீர்கள். ஓட்டுக்குள் காற்றுக் குமிழி சிக்கி, நீர்ப்பரப்பில் ஒட்டி மிதக்கும். பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கட்டும். அசையாமல் கிடப்பதையும் உடனே செத்த கணக்கில் சேர்க்காதீர்கள். நுண்ணோக்கியில் பாருங்கள், அதன் உடல் கண்ணாடி போல இருப்பதால், இதயம் துடிப்பது தெரியும்.

அப்புறம், சோதனையில் தோற்றுப்போன மாதிரியின் மிச்ச நீரைக் கொட்டிவிடாதீர்கள். எது கொன்றது என்று பகுப்பாய்வு செய்ய அதே நீர்தான் வேண்டும். விதியும் அதைத்தான் கேட்கிறது.