மரபணு மாற்ற மக்காச்சோள விதையை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் மாநிலங்களில் அடுத்த ஆண்டுக்கான மக்காச்சோள விதையைப் பலர் அறுவடை முடிந்த கையோடு, முன்பதிவுத் தள்ளுபடிக்காகவே வாங்கிவிடுகிறார்கள். தள்ளுபடியைவிட முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: வயலில் எந்தப் பூச்சி இருக்கிறது, விளைச்சல் யாரிடம் போகப்போகிறது.

1996இல், ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்துத் தானே பூச்சிகொல்லிப் புரதத்தை உண்டாக்கும்படி மாற்றிய பி.டி. மக்காச்சோளம் அறிமுகமானபோது அதன் இலக்காக இருந்தது ஐரோப்பியத் தண்டுத் துளைப்பான். பரவலான சாகுபடியால் அந்தப் பூச்சியின் எண்ணிக்கை வட்டாரம் முழுவதும் சரிந்ததால், பி.டி. விதைக்காத பக்கத்து வயல்காரருக்கும் பலன் கிடைத்தது. எனவே தண்டுகளைப் பிளந்து பார்த்து, துளைப்பானின் சேதம் அரிதாகவே தென்பட்டால், அதற்கான பண்புக்கு, அதாவது விதையில் சேர்த்த மரபணுத் திறனுக்கு, கூடுதல் விலை தர வேண்டுமா என்று தயங்குவது நியாயமே.

மக்காச்சோள வேரைத் தின்னும் ஒரு வண்டின் புழுவான வேர்ப்புழுவின் கதை வேறு. ஜூலையில் சில செடிகளைத் தோண்டி, வேரைக் கழுவிப் பார்த்தால் கடிபட்ட அளவு தெரியும். பி.டி. விதைத்தும் வேர் தின்னப்பட்டிருந்தால், அதே பண்புள்ள விதையை மறுபடியும் வாங்கக் கூடாது. அயோவா வயல்களிலிருந்து எடுத்த புழுக்கள் ஒரு பி.டி. புரதத்தைத் தாங்கி வளர்ந்ததை ஆய்வாளர்கள் 2011இலேயே வெளியிட்டனர். சோயா வேரில் இந்தப் புழு பிழைக்காது என்பதால், ஓராண்டு சோயாவுக்கு மாறுவது பெரும்பாலான இடங்களில் எந்த விதையையும்விட மலிவான மருந்து. ஆனால் இல்லினாயின் சில பகுதிகளில் இந்த வண்டுகள் சோயா வயலிலும் முட்டையிடப் பழகி, அடுத்த ஆண்டு அங்கே விதைக்கும் மக்காச்சோளத்தைப் புழுக்கள் தாக்குவதால், அங்கே சுழற்சியை மட்டும் நம்ப முடியாது.

பி.டி. விதைப்பவர், பூச்சிகள் பிழைத்திருக்க விடப்படும் பி.டி. அல்லாத புகலிடப் பயிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மக்காச்சோளம் மிகுதியாக விளையும் இந்த நடுமேற்கு மண்டலத்தில் ஒற்றைப் புரத விதைக்கு 20 சதவீதப் பரப்பில் பி.டி. அல்லாத பயிர் தேவை. ஒரே பூச்சிக்கு எதிராகப் பல புரதங்கள் சேர்ந்த விதைகளில் அது 5 சதவீதமாகக் குறைந்து, மூட்டையிலேயே கலந்து வருகிறது. எதிர்ப்பாற்றல் பெற்ற பூச்சிகள் தமக்குள்ளேயே இணைசேராமல், புகலிடத்தில் வளர்ந்த சாதாரணப் பூச்சிகளோடு சேரச் செய்வதுதான் இதன் நோக்கம். மற்ற விதிகளை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அடுத்தது சந்தை. அமெரிக்கா 2010இல் அனுமதித்த, சின்ஜென்டா நிறுவனத்தின் விப்டெரா என்ற பூச்சி எதிர்ப்புப் பண்பைச் சீனா அப்போது ஏற்கவில்லை. 2013இன் இறுதியில் அது சரக்குகளைத் திருப்பத் தொடங்கியது. விலைச் சரிவுக்காக, அந்த விதையைத் தொடாதவர்கள் உட்படப் பல உழவர்கள் தொடுத்த வழக்குகள் அந்நிறுவனம் 151 கோடி டாலர் தரும் உடன்பாட்டில் முடிந்தன. ஆகவே, வாங்க நினைக்கும் பண்பை இறக்குமதி செய்யும் நாடுகள் ஏற்றிருக்கின்றனவா என்று கொள்முதல் நிலையத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

மரபணு மாற்றாத தானியத்துக்குக் கூடுதல் விலை தரும் ஒப்பந்தம் கிடைத்தால், மகரந்தம் காற்றில் வரும் என்பதால் எல்லை வரிசைகளைத் தனியே அறுவடை செய்ய வேண்டும். விதைப்பான், அறுவடை இயந்திரம், சேமிப்புக் களஞ்சியம் மூன்றையும் துப்புரவாக்க வேண்டும். இந்த உழைப்பையும் கூலியாக எழுதிப் பார்த்த பிறகே விலை வித்தியாசத்தை இலாபமென்று சொல்லலாம். இன்னும் தயக்கம் இருந்தால், ஒரே கலப்பினத்தின் பண்புள்ள, பண்பற்ற வடிவங்களை அதே வயலில் அடுத்தடுத்த பட்டைகளாக விதைத்து, தனித்தனியே எடைபோட்டுப் பார்க்கலாம்.