அரச கல்யாண நினைவுப் பொருள் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கைத்தராசின் மேல் பெரிய நாணயம் ஒன்று. கீழே, "அண்ணா, 28.28 காட்டுது. வெயிட் கரெக்ட். வெள்ளிதானே? இருபது எடுத்துட்டேன்." இங்கே லண்டனில் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி, கார் பூட் சேலில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தை) நின்றபடியே அனுப்பியிருந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதே நாணயத்தை அதே மாதிரித் தராசில் வைத்து நானும் இதையேதான் சொன்னேன்.

விரிசல் விட்ட கோப்பையை வாங்காதீர்கள், பேரம் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடங்கள் மட்டும் இங்கே.

1981 நாணயத்தை வெள்ளி என்று நம்புவது

1981 ஜூலை 29 அன்று செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் சார்ல்ஸ், டயானா கல்யாணம். அதற்காக பிரிட்டிஷ் நாணயச்சாலை கிரௌன் என்ற பெரிய நினைவு நாணயம் ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும். மதிப்பு எவ்வளவு என்று நாணயத்தில் எங்கும் எழுதியிருக்காது, 25 பென்ஸ்தான். கையில் வாங்கினால் கனமாக, பளபளவென்று இருக்கும். முதல் மயக்கம் அங்கேயே தொடங்கிவிடும்.

எனக்கு விற்றவர் "சில்வர் கிரௌன்" என்றார். எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்து வளர்ந்தவன் நான். சில்வர் என்ற சொல்லுக்கும் வெள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் விழுந்தேன். காரணம், நான் ஏமாளி இல்லை என்ற நினைப்பு. முந்தின இரவே படித்துவிட்டுப் போயிருந்தேன்: வெள்ளி கிரௌன் 28.28 கிராம், விட்டம் 38.61 மில்லிமீட்டர். தராசை எடுத்தேன், சரியாக இருந்தது. அளவுகோலை வைத்தேன், அதுவும் சரி. ஒன்று எட்டு பவுண்டு வீதம் முப்பத்தாறு நாணயம். 288 பவுண்டு.

நான் படிக்காமல் விட்டது ஒரே ஒரு வரி. செம்பும் நிக்கலும் கலந்த சாதாரண கிரௌனும் அதே 28.28 கிராம், அதே 38.61 மில்லிமீட்டர்தான். தராசு பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அந்தச் சாதாரண நாணயம் 2.6 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டது. இங்கே பல வீட்டு மேசை இழுப்பறைகளில் ஒன்று கிடக்கும். என் முப்பத்தாறின் முகமதிப்பைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது பவுண்டு. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளிக்கு அடர்த்தி அதிகம். அதே எடை, அதே விட்டம் என்றால் வெள்ளி நாணயம் கொஞ்சம் மெல்லியதாக இருந்தாக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விளிம்பிலேயே வித்தியாசம் தெரியும். வெள்ளி நாணயம் கைவசம் இல்லையென்றால் தண்ணீர் இருக்கிறது. புள்ளிக்குப் பிறகும் இலக்கம் காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முக்கிப் பிடியுங்கள். 3.2 கிராமை ஒட்டிக் காட்டினால் செம்பு நிக்கல். 2.7 என்றால் வெள்ளி. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும் ப்ரூஃப் நாணயம், பெட்டியோடு கிடைத்தால் அதைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். வெள்ளியில் வந்தது அந்த ப்ரூஃப்தான். அதுவும் 2 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்டதால், அதற்கும் பெரும்பாலும் வெள்ளியின் விலைதான்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அண்ணா, ஒரு பத்து நீங்க எடுத்துக்கிறீங்களா?"

நாணயத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது

குத்துவிளக்குக்கு மட்டும்.

'லிமிடெட் எடிஷன்' என்றதும் பர்ஸைத் திறப்பது

எண்பதுகளின் பீங்கான் நினைவுத் தட்டுகளைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பலவற்றில் இத்தனை எண்ணிக்கை என்று இருக்காது. 'இத்தனை சூளை நாட்கள்' என்று இருக்கும். அத்தனை நாளும் சூளை எரியலாம். ஒரு நாளில் எத்தனை தட்டு வெந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. கூடவே வரும் சான்றிதழும் அச்சடித்த காகிதம்தான்.

பழசெல்லாம் அரிது என்று நினைப்பது

பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட் முடிசூடவே இல்லை, அதனால் அவருடைய முடிசூட்டுக் குவளை அபூர்வம் என்று ஒருவர் என்னிடம் அடித்துப் பேசினார். விழா 1937 மே 12க்குக் குறித்திருந்தது. அவர் பதவி விலகியது 1936 டிசம்பரில். அதற்குள் குவளைகள் மலைபோலக் குவிந்துவிட்டன. இன்றும் பழம்பொருள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

மாறாக, எலிசபெத், பிலிப் கல்யாணம் நடந்தது 1947 நவம்பர் 20. போர் முடிந்தும் கட்டுப்பாடுகள் தீரவில்லை. உள்நாட்டில் விற்கும் பீங்கானில் அலங்காரம் கூடாது என்ற தடை 1952 வரை இருந்தது. மணப்பெண்ணே நினைத்தபடி துணி எடுக்க முடியாது. கல்யாண உடுப்புக்குத் துணிக் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்த காலம். ஆகவே அந்தக் கல்யாணத்தின் பெயர் பொறித்த கோப்பை கண்ணில் பட்டால் நின்று பாருங்கள். சந்தையில் பானை வாங்கும்போது அம்மா செய்வாரே, அதேபோல உள்ளங்கையில் ஏந்திச் சுண்டுங்கள். 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் சரி. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத கீறலோ ஒட்டுவேலையோ இருக்கலாம்.

கல்யாணச் சூட்டில் வாங்குவது

2018 மே 19, வின்ட்ஸர். ஹாரி, மேகன் கல்யாணத்தன்று கோட்டை வளாகத்துக்குள் அழைக்கப்பட்ட பொதுமக்களுக்கு ஒரு துணிப்பை கொடுத்தார்கள். உள்ளே ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம், பிஸ்கட், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு, தண்ணீர் பாட்டில். சில நாட்களிலேயே அந்தப் பைகள் இணைய ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு ஏறின. சூடு தணிய ஒரு வருடம் பொறுங்கள் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தங்கக் கரை போட்ட கோப்பையை டிஷ்வாஷரில் போடுவது

கோப்பை மிஞ்சும், தங்கம் மிஞ்சாது.

தபால்தலையை முதலீடு என்று அடுக்கி வைப்பது

1981 கல்யாணத் தலைகள் இரண்டு: 14 பென்ஸ், 25 பென்ஸ். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லோரிடமும் இருக்கிறது. முகமதிப்புக்கும் குறைவாகவே கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஆனால் இந்த ஊரில் படம் போட்ட நினைவுத் தலைகள் இன்னும் செல்லும். ஒரு உறைக்கு நாலைந்து ஒட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். போன பொங்கலுக்கு என் வாழ்த்து அட்டைகளெல்லாம் சார்ல்ஸ், டயானா தலையோடுதான் போயின.