அரிய டி செல்களைத் தேடும்போது செய்யக்கூடாதவை

50,000 டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் கருவியில், ஓட்டிப் பார்க்கிறீர்கள். நீங்கள் தேடும் ஆன்டிஜெனை (நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) அடையாளம் காணும் செல் பத்தாயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது 5 செல்கள். அந்த 5-ல் இரண்டு வெறும் ஒட்டுக்கறையாக (சாயம் தவறாக ஒட்டியவை) இருந்தாலும் முடிவே மாறிவிடும். 10 லட்சம் ஓட்டினால்தான் 100 செல்களாவது தேறும். செல்களைக் குறைவாக எண்ணிவிட்டு சதவீதம் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆனால் பெரும்பாலான சேதம் கருவிக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாயில் எடுத்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அறை வெப்பத்திலேயே வைத்து, முடிந்தவரை 8 மணி நேரத்துக்குள் செல்களைப் பிரித்துவிடுங்கள். தாமதமானால் கிரானுலோசைட்டுகள் (வேறு வகை வெள்ளணுக்கள்) அடர்த்தி மாறி, பிரிக்கும்போது டி செல்கள் தங்கும் அடுக்கிலேயே வந்து கலந்து, டி செல்களின் வினையை மட்டுப்படுத்தும்.

உறைய வைத்த செல்களை உருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 37 டிகிரி நீரில் வைலை மெல்ல ஆட்டுங்கள். கடுகளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்து, வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் செல்கள் வெடிக்கும். அப்புறம் ஓர் இரவு ஓய்வு கொடுத்து, அதற்குப் பிறகு உயிருள்ள செல்களை எண்ணுங்கள். உருக்கியவுடன் எண்ணிய கணக்கை நம்பி எலிஸ்பாட் தட்டில் (ஆன்டிஜெனுக்கு வினைபுரிந்து இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் ஒவ்வொரு செல்லையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை) போட்டால், ராத்திரியில் செத்தவையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எலிஸ்பாட் தட்டை இன்குபேட்டரில் வைத்த பிறகு தொடவே கூடாது. செல்கள் நகர்ந்தால் வட்டமான புள்ளிக்குப் பதில் வால் நீண்ட கோடுகள்தான் கிடைக்கும்.

ஆன்டிஜெனை அடையாளம் காணும் டி செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும் சாயமேற்றிய மூலக்கூறான டெட்ராமர் 1996 முதல் இருக்கிறது. ஆனாலும் செத்த செல்கள் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது இன்றும் மறந்துபோகிறது. உயிர்-சாவு சாயம் இல்லாமல் டெட்ராமர் போடாதீர்கள். ரத்தம் கொடுத்தவரின் எச்எல்ஏ வகை (டி செல்லுக்கு ஆன்டிஜெனைக் காட்டும் புரதம், ஆளுக்கு ஆள் மாறும்) டெட்ராமரோடு பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

செல்களைத் தூண்டப் போடும் பெப்டைடை (ஆன்டிஜெனின் சிறு துண்டு) டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால், பெப்டைட் போடாத கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ வேண்டும். பிஎச்ஏ (டி செல்களைப் பொதுவாகத் தூண்டிவிடும் பொருள்) போட்ட குழி ஒன்றும் அவசியம். அது இல்லாத தட்டில் பூஜ்யம் வந்தால் செல்லே இல்லையா, இருந்தும் வேலை செய்யவில்லையா என்று சொல்ல வழியில்லை.

டெட்ராமரும் எலிஸ்பாட்டும் ஒரே எண்ணைத் தரவில்லை என்று மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆன்டிஜெனைப் பிடிக்கிற செல்லெல்லாம் இன்டர்ஃபெரான் சுரப்பதில்லை.